இரண்டு மாகாணங்களுக்கு ஒரே நாற்காலி: ஜப்பான் மேலவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். 2015 ஜூலையில் உங்கள் நாடாளுமன்றம் பொதுப்பதவித் தேர்தல் சட்டத்தைத் திருத்தியது. டொட்டோரி, ஷிமானே மாகாணங்கள் இரண்டையும் சேர்த்து ஒரு தொகுதி; டொகுஷிமா, கோச்சி இரண்டையும் சேர்த்து இன்னொரு தொகுதி. அந்தத் திருத்தத்தின் பிற்சேர்க்கையில் ஒரு வாக்குறுதியும் இருந்தது. 2019 தேர்தலுக்குள் மேலவைத் தேர்தல் முறையை அடியோடு மறுபரிசீலனை செய்து, கட்டாயம் ஒரு முடிவுக்கு வருவோம் என்று எழுதினீர்கள். மேடைப் பேச்சில் சொன்னதில்லை, சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தது. 2019 தேர்தல் முடிந்தது. 2022, 2025 தேர்தல்களும் முடிந்தன. அந்த முடிவு எங்கே என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் நாட்டில் எனக்கு ஓட்டு கிடையாது. இருந்தும் தலையிடக் காரணம் உண்டு. மக்கள்தொகைப்படி தொகுதிகளைத் திரும்பப் பங்கிட்டால் யாருக்கு எத்தனை இடம் குறையும் என்ற விவாதம் எங்கள் மாநிலத்தில் சூடாக நடக்கிறது. அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்ட நாடு உங்களுடையது. எங்கள் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இனி உங்கள் பேச்சு.

டொட்டோரி, 47 மாகாணங்களில் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்டது. 2020 கணக்கெடுப்பில் சுமார் 5,53,000 பேர். அதற்கு அடுத்த இடம் பக்கத்தில் இருக்கும் ஷிமானேவுக்கு, சுமார் 6,71,000. 1947 முதல் இரண்டு மாகாணங்களுக்கும் மேலவையில் தலா 2 இடங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை அவையில் பாதிப்பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவு சொல்வதால், ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவர். மாகாணம்தான் தொகுதி என்று வைத்துக்கொண்டால் இதற்குக் கீழே குறைக்க வழியில்லை. டோக்கியோவும் கனகவாவும் வீங்க, இந்த இரண்டு மாகாணங்களும் இருக்கும் சான்இன் கரையோரம் இளைஞர்களை இழந்துகொண்டே வர, இந்த இரண்டு இடங்கள் மட்டும் அப்படியே நின்றன.

அந்த இடங்களில் உட்கார்ந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1958 முதல் 1974 வரை டொட்டோரி ஆளுநராக இருந்த இஷிபா ஜிரோ, பதவி முடிந்த கையோடு மேலவைக்கு வந்தார். 1980இல் சுசுகி ஸென்கோ அமைச்சரவையில் உள்ளாட்சி அமைச்சரானார். அவர் மகன் ஷிகெரு கீழவைக்குப் போய், 2024இல் பிரதமரானது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஷிமானேவின் ஆவோகி மிகியோ 1986 முதல் 2010 வரை உங்கள் அவையில் இருந்தார். 2000 ஏப்ரலில் பிரதமர் ஒபுச்சி திடீரென்று நோயில் விழுந்தபோது நாட்டின் தற்காலிகப் பிரதமராகப் பொறுப்பேற்றவர் அவர்தான். ஆளுங்கட்சியான லிபரல் ஜனநாயகக் கட்சியின் மேலவை அணியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. 2010இல் உடல்நலம் கெட்டு விலகியதும் மகன் கஸுஹிகோ அதே இடத்தில் நின்று ஜெயித்தார். வாரிசு அரசியலை நாங்கள் பார்த்துச் சிரிக்க முடியாது, விடுங்கள்.

ஆனால் இந்த இரண்டும் ஆளுங்கட்சியின் பட்டா நிலங்கள் என்று யாராவது சொன்னால் 2007ஐ நினைவூட்டுவேன். அந்த ஆண்டு டொட்டோரியில் ஜனநாயகக் கட்சியின் கவாகாமி யோஷிஹிரோ ஜெயித்தார். ஷிமானேவில் மக்கள் புதிய கட்சியின் கமேய் அகிகோ ஜெயித்தார். ஆவோகியின் கோட்டையிலேயே ஓட்டை. அந்தத் தேர்தலில் ஆளுங்கட்சி மேலவையில் பெரும்பான்மையை இழந்தது, ஷின்ஸோ ஆபே இரண்டு மாதத்துக்குள் பதவி விலகினார், அதன்பின் மேலவையும் கீழவையும் எதிரெதிராக இழுத்துக்கொண்டு நின்ற காலத்தை நீங்களே அனுபவித்தீர்கள். ஆறேழு லட்சம் பேர் வாழும் ஊர்களின் ஓட்டும் சேர்ந்துதான் அந்த அரசாங்கத்தை ஆட்டியது. இதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது நீதிமன்றம். ஓட்டு மதிப்பு வழக்குகளில் பல ஆண்டுகளாக டொட்டோரிக்கு ஒரே வேலைதான்: வகுக்கும் எண்ணாக இருப்பது. மேலவை தொடங்கிய 1947இல், ஒரு உறுப்பினருக்கு எத்தனை பேர் என்ற கணக்கில் தொகுதிகளுக்கு இடையே இருந்த அதிகபட்ச வித்தியாசம் 2.62 மடங்கு. 1992 தேர்தலில் கனகவாவுக்கும் டொட்டோரிக்கும் இடையே 6.59 மடங்கு. 2010இல் அதே இரண்டுக்கும் இடையே 5 மடங்கு. 2013இல் ஹொக்கைடோவுக்கும் டொட்டோரிக்கும் இடையே 4.77 மடங்கு, அதாவது ஹொக்கைடோவில் 23 லட்சம் வாக்காளருக்கு ஒரு உறுப்பினர், டொட்டோரியில் ஐந்து லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு ஒரு உறுப்பினர். 2012 அக்டோபரிலும் 2014 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் இந்தத் தேர்தல்கள் 'அரசியல் சட்டத்துக்கு முரணான நிலையில்' நடந்தவை என்று சொன்னது. தேர்தலை ரத்து செய்யவில்லை. ஆனால் மாகாணத்தையே தொகுதியாக வைத்திருக்கும் முறையை மாற்றுங்கள் என்று நேராகவே சொல்லிவிட்டது.

நீதிமன்றம் சொன்னது சரி என்பதே என் கருத்தும். கனகவாவில் இருப்பவர் ஐந்தில் ஒரு பங்கு குடிமகன் இல்லையே. டொட்டோரிக்காரர்கள் மீது எனக்கு எவ்வளவு பரிவு இருந்தாலும் இதில் மறுபேச்சு இல்லை. என் சண்டை, அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் செய்த காரியத்தோடு.

உங்கள் முன் வேறு வழிகள் இருந்தன. 2014இல் உங்கள் அவையின் தேர்தல் முறைக் குழுவுக்குத் தலைவராக இருந்த வாகி மசாஷி, ஆளுங்கட்சிக்காரராக இருந்தும், 22 மாகாணங்களை 11 தொகுதிகளாகச் சேர்க்கும் திட்டத்தை வைத்தார். அவரைச் சொந்தக் கட்சியே அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கியது. 2015இல் ஜனநாயகக் கட்சியும் கொமெய்தோ கட்சியும் 20 மாகாணங்களை 10 தொகுதிகளாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தன. அதன்படி வித்தியாசம் 2 மடங்குக்குக் கீழே வந்திருக்கும். நீங்கள் நிறைவேற்றியதோ ஆக மெலிந்த திட்டம். ஹொக்கைடோ, டோக்கியோ, அயிச்சி, ஹியோகோ, ஃபுகுவோகா ஐந்துக்கும் தலா 2 இடம் கூடியது. மியாகி, நீகாதா, நகானோ மூன்றும் தலா 2 இழந்தன. மீதி 4 இடங்களுக்காக நான்கு மாகாணங்கள் இரண்டு ஜோடிகளாகச் சேர்க்கப்பட்டன. வித்தியாசம் 3 மடங்கு அளவுக்கு இறங்கியது. 5 மடங்கிலிருந்து 3 மடங்குக்கு வர வேண்டும், அதற்கு எத்தனை பேரைக் குறைவாகக் கோபப்படுத்தலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். விடை நான்கு மாகாணம் என்று வந்திருக்கிறது.

அந்த நான்கிலும் வரலாறு தெரிந்தவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். 1876இல் மெய்ஜி அரசாங்கம் டொட்டோரியைக் கலைத்து ஷிமானேவோடு சேர்த்தது. ஐந்து ஆண்டு போராடி, 1881 செப்டம்பர் 12 அன்று டொட்டோரி திரும்பவும் தனி மாகாணமானது. அந்தத் தேதியை இன்றும் மாகாண நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதே 1876இல்தான் இன்றைய டொகுஷிமா நிலப்பரப்பும் கோச்சியோடு சேர்க்கப்பட்டது, 1880இல் பிரிந்தது. ஆக, 140 ஆண்டுக்கு முன் சேர்த்து வைத்து ஒட்டாமல் போன அதே இரண்டு ஜோடிகளைத்தான் நீங்களும் சேர்த்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று சொல்லவில்லை. மக்கள்தொகைப் பட்டியலின் அடியில் இருந்த நான்கு பேரும் தற்செயலாக அக்கம்பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

2016 ஜூலையில் முதல் தேர்தல். டொட்டோரி-ஷிமானேவில் ஆளுங்கட்சி சார்பில் ஷிமானேக்காரரான ஆவோகி கஸுஹிகோ நின்றார். எதிர்க்கட்சிகள் டொட்டோரியில் பிறந்த ஃபுகுஷிமா ஹிரோஹிகோவை ஆதரித்தன. ஆவோகி ஏறக்குறைய 3,87,000 ஓட்டு, ஃபுகுஷிமா 2,15,000க்குச் சற்றுக் குறைவு. தொகுதி கிழக்கு மேற்காக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடலுக்குள் ஒகி தீவுகள் வேறு. பிரசாரத்துக்கு 18 நாள். ஒரு வேட்பாளர் எல்லா ஊருக்கும் முகம் காட்டுவது எப்படி நடக்கும்?

2019இல் முறை அடுத்த மாகாணத்துக்கு மாறியது. டொட்டோரியின் மைதாச்சி ஷோஜி ஆளுங்கட்சி வேட்பாளர். எதிரில் ஷிமானேவின் நகாபயாஷி யோஷிகோ. மைதாச்சி சுலபமாக ஜெயித்தார். ஆனால் டொட்டோரியில் வாக்குப்பதிவு 49.98 சதவீதம். ஷிமானேவில் 54.04. நாட்டு சராசரியான 48.80ஐவிட இரண்டும் கூடுதல்தானே என்று நீங்கள் சொல்லலாம். 2007இல் ஷிமானேவில் பதிவானது 70 சதவீதத்துக்கு மேல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2022இல் மறுபடி ஆவோகி. 2025இல் ஷிமானேவின் தெகாவா மொமோகோ.

இதைவிட மோசம், டொகுஷிமாவும் கோச்சியும் இருக்கும் ஷிகோகு தீவில் நடந்தது. டொட்டோரியும் ஷிமானேவும் 1972 முதல் ஒரே தொலைக்காட்சி நிலையங்களைப் பார்ப்பவை. டொட்டோரியின் யோனாகோவிலிருந்து ஷிமானேவின் மாட்சுயேவுக்குப் போவது ஒரு பெரிய பயணமே இல்லை. டொகுஷிமாவுக்கும் கோச்சிக்கும் நடுவே மலைத்தொடர். டொகுஷிமாக்காரர்கள் பார்ப்பது ஒசாகா பக்கத்துத் தொலைக்காட்சி. 2016இல் முக்கிய வேட்பாளர்கள் இருவருமே டொகுஷிமா ஆட்கள். கோச்சியின் வாக்குப்பதிவு 45.52 சதவீதம், நாட்டிலேயே கடைசி. செல்லாத ஓட்டும் அங்கே ஏராளம். தொகுதி இணைப்பை எதிர்க்கிறோம் என்று வாக்குச்சீட்டிலேயே எழுதிப் போட்டவர்களும் உண்டு. 2019இல் முக்கிய வேட்பாளர்கள் இருவருமே கோச்சி ஆட்கள், டொகுஷிமா 38.59 சதவீதத்தோடு கடைசி. 2023 அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. ஜெயித்த ஹிரோதா ஹஜிமேயும் தோற்ற ஆளுங்கட்சி வேட்பாளரும் கோச்சி ஆட்கள். கோச்சியில் ஐந்தில் இரண்டு பேராவது ஓட்டுப் போட்டார்கள். டொகுஷிமாவில் 23.92 சதவீதம். நூறில் எழுபத்தாறு பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

2022இல் ஜெயித்தவர் டொகுஷிமாவின் நகானிஷி யூஸுகே. அப்போதும் டொகுஷிமாதான் நாட்டின் கடைசி. சொந்த ஊர்க்காரர் நின்றாலும் ஜனங்கள் வரவில்லை. ஓட்டுப் போடும் பழக்கமே விட்டுப்போகத் தொடங்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது அந்த எண்ணைப் பார்த்தபோதுதான்.

சரி, பிற்சேர்க்கையில் சொன்ன 'கட்டாய முடிவு' என்ன ஆனது? 2018 ஜூலையில் நீங்கள் இன்னொரு திருத்தம் கொண்டுவந்தீர்கள். சைதாமாவுக்கு 2 இடம் கூடுதல், நாடு முழுவதும் கட்சிகளுக்கு விழும் ஓட்டுப்படி இடம் தரும் விகிதாசாரப் பட்டியலுக்கு 4 இடம் கூடுதல். மொத்தம் 242லிருந்து 248. நாட்டின் மக்கள்தொகை குறைந்துகொண்டே வர, உங்கள் எண்ணிக்கை மட்டும் கூடியது. திட்டு விழுந்ததும், சம்பளத்தில் மாதம் 77,000 யென்னை விருப்பப்பட்டால் திருப்பித் தரலாம் என்று ஒரு சட்டம் போட்டீர்கள். விருப்பப்பட்டால்! அதைப் பற்றி மேலே பேச எனக்கு விருப்பமில்லை.

அந்தத் திருத்தத்தில்தான் 'சிறப்பு வரிசை' வந்தது. வழக்கமாக மேலவை விகிதாசாரப் பட்டியலில் யாருக்குத் தனிப்பட்ட ஓட்டு அதிகமோ அவருக்கே முதலிடம். சிறப்பு வரிசையில் வைக்கப்பட்டவருக்கு அந்தக் கவலை இல்லை. கட்சிக்கு இடம் கிடைத்தால் முதலில் அவர்தான். பதிலுக்கு அவர் தன் பெயரில் அலுவலகம் வைக்கக் கூடாது, பிரசார வண்டி ஓட்டக் கூடாது, சுவரொட்டி ஒட்டக் கூடாது. யாருக்காக இந்த ஏற்பாடு என்று நீங்கள் மறைக்கவும் இல்லை. இணைந்த தொகுதியில் இடம் கிடைக்காத ஆளுங்கட்சிக்காரருக்காக. 2019இல் ஷிமானேவின் மியுரா யஸுஷியும் டொகுஷிமாவின் மிகி தோருவும் அப்படி வந்தார்கள். 2022இல் டொட்டோரியின் ஃபுஜீ கஸுஹிரோ. 2025இல் தெகாவாவுக்கு வழிவிட்டு மைதாச்சியே சிறப்பு வரிசைக்கு மாறினார்.

ஒரு டொட்டோரி வாக்காளரின் இடத்திலிருந்து பாருங்கள். 2025இல் அவர் ஊர்க்காரர் நாடாளுமன்றத்துக்குப் போகிறார். ஆனால் அவருக்கு ஓட்டுப் போட வேண்டிய அவசியமில்லை. அவரைத் தோற்கடிக்கவும் முடியாது, அவர் கட்சி நாடு முழுவதும் மண்ணைக் கவ்வினால் தவிர. அவர் முகம் சுவரொட்டியில் இல்லை. டொட்டோரிக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார் என்று கணக்குக் காட்ட முடிகிறது, அந்த உறுப்பினருக்கும் டொட்டோரிக்கும் நடுவே தேர்தல் என்ற ஒன்று மட்டும் இல்லை. இதே வசதி எதிர்க்கட்சிக்கு இல்லையா என்றால், சட்டப்படி உண்டு. ஆனால் பட்டியலில் ஒன்றிரண்டு நிச்சய இடங்களைத் தூக்கிக் கொடுக்கும் தெம்பு பெரிய கட்சிக்குத்தான் இருக்கும். தங்கள் உறுப்பினர்களின் நாற்காலி போய்விடுமே என்ற பயத்துக்குப் போட்ட ஒட்டு இது. வாக்காளருக்கு இதில் கிடைத்தது ஒன்றுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் சிறப்பு வரிசையை உருப்படியாகப் பயன்படுத்தியவர் வேறொருவர். 2019இல் ரெய்வா ஷின்செங்குமி கட்சியின் யமமோட்டோ டாரோ, கடுமையான உடல் ஊனமுள்ள ஃபுனாகோ யஸுஹிகோவையும் கிமுரா எய்கோவையும் அந்த வரிசையில் வைத்தார். கட்சிக்குக் கிடைத்த இரண்டு இடங்களும் அவர்களுக்குப் போயின. 9,90,000க்கு மேல் தனிப்பட்ட ஓட்டு வாங்கிய யமமோட்டோ தோற்றார். அவர்கள் இருவரும் வந்த பிறகு சக்கர நாற்காலிக்காக உங்கள் அவையின் இருக்கைகளையே மாற்றியமைத்தீர்கள். அந்தச் சட்டத்தால் விளைந்த நல்ல காரியம் என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

இனி என்ன செய்வது? உங்கள் முன் நேர்மையான வழிகள் இரண்டு இருப்பதாக நினைக்கிறேன்.

ஒன்று, ஆளுங்கட்சி 2018இல் வைத்த அரசியல் சட்டத் திருத்த யோசனை. ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தது ஒருவர் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடுவது. 2016 முதல் ஆளுநர்கள் சங்கம் கேட்பதும் தொகுதி இணைப்பை ஒழிப்பதைத்தான். நல்லது, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைத் திரட்டி, மக்களிடம் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அப்போது 2007க்குத் திரும்ப வர வேண்டும். உங்கள் அவை ஒரு மசோதாவை நிராகரித்தால், கீழவை மூன்றில் இரண்டு பங்கோடு மறுபடி நிறைவேற்றியாக வேண்டும். இவ்வளவு அதிகாரம் உள்ள அவையில், ஓட்டுகளின் எடை ஊருக்கு ஊர் ஐந்து மடங்கு மாறலாம் என்று எழுதிவைப்பது கனகவா, ஹொக்கைடோ மக்களுக்கு அநியாயம். மாகாணங்களின் அவை வேண்டுமானால் அந்த அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதியுங்கள். பிரதிநிதித்துவமும் வேண்டும், அதிகாரமும் அப்படியே இருக்க வேண்டும் என்றால் கேட்பவர்கள் ஒப்ப மாட்டார்கள்.

இன்னொரு வழி, கொமெய்தோ 2018இல் சொன்னதுபோல நாடு முழுவதையும் 11 பெரிய வட்டாரங்களாகப் பிரிப்பது. என் ஓட்டு (இருந்தால்) இதற்கே. வட்டாரத்தில் பல இடங்கள் இருக்கும்போது டொட்டோரிக்காரர் ஹிரோஷிமாக்காரரோடு ஒரே பட்டியலில் நிற்பார். தன் ஊர் ஓட்டைத் திரட்டினால் ஒரு இடம் பிடிக்க வாய்ப்புண்டு. பிடிக்காமலும் போகலாம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த இழப்பை டோக்கியோவைத் தவிர ஏறக்குறைய எல்லா மாகாணமும் பகிர்ந்துகொள்ளும். ஷிமானேவில் கேட்கும் புகாரை நான் கவனித்தவரை, அதன் சாரம் 'எங்கள் இடம் போனது' என்பதைவிட 'எங்கள் இடம் மட்டும் ஏன் போனது' என்பதுதான். அதற்கு உங்களிடம் இன்றுவரை பதில் இல்லை.

இரண்டில் எதையும் தொடாமல், ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வித்தியாசம் 3 மடங்கைச் சுற்றி நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 2016 தேர்தலின் 3.08, 2019இன் 3.00, 2022இன் 3.03 என்று உச்ச நீதிமன்றமும் மூன்று முறை விட்டுக்கொடுத்தது. 2017 தீர்ப்பு அப்படி விட்டுக்கொடுக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று, உங்கள் பிற்சேர்க்கை வாக்குறுதி! செய்யாத வேலைக்கு முன்கூட்டியே நற்சான்று வாங்கிவிட்டீர்கள். 2025இல் வித்தியாசம் 3.13.

இப்போது வகுக்கும் எண் டொட்டோரி இல்லை, ஃபுகுய். 2020இல் அதன் மக்கள்தொகை 7,67,000க்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேலே யமனாஷியும் சாகாவும், எட்டு லட்சத்துச் சொச்சம். இதே முறையில் போனால் அடுத்து யாரை யாரோடு சேர்ப்பீர்கள்? ஃபுகுயை இஷிகாவாவோடா? சாகாவை நாகசாகியோடா? அந்த மாகாணங்களின் உறுப்பினர்கள் 2015இல் பக்கத்து வீட்டுப் பிரச்சினை என்று சும்மா இருந்தவர்களா இல்லையா என்பது அவர்களுக்கே தெரியும். அடுத்த தேர்தல் 2028இல். அதற்கு ஓராண்டு முன்னதாகவாவது ஒரு மசோதா வந்தால்தான் வாக்காளரும் தேர்தல் அலுவலர்களும் தயாராக முடியும். ஆகவே 2027க்குள் இரண்டு வழியில் ஒன்றை மசோதாவாக அவையில் வையுங்கள். வைக்கும்போது சிறப்பு வரிசையை இணைந்த தொகுதிகளுக்கு ஆறுதல் பரிசாகக் காட்டுவதை நிறுத்துங்கள். முடியாது என்றால் 2015 சட்டத்தின் அந்தப் பிற்சேர்க்கையைக் காப்பாற்ற முடியவில்லை என்று அவையில் எழுந்து சொல்லுங்கள். டொட்டோரி, ஷிமானே, டொகுஷிமா, கோச்சி நான்கின் பெயரையும் சொல்லிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தேர்தல் முடிவுகளைத் தமிழ்நாட்டிலிருந்து படித்துவரும் ஒரு வாசகர்